ஏட்டுக்குத் தீ, எழுத்துக்குப் பூட்டு!

(ஓசூர் தொழிற்பேட்டைப் பகுதியில், தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் ஆலைத் தோழர்களே! கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயக் கூலித் தோழர்களே! தாய்மார்களே!

நான் பத்தாவது வரை படித்தவன். காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. என்னைப் போய்ப் புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் சிலருக்கு மனதிற்குள் ஒரு கேள்வி இருக்கும். "கான்ட்ராக்ட் ஆளுக்கு நிரந்தரம் இல்லை. பூந்தோட்டக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலி போதவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்ற கேள்வி. நியாயமான கேள்வி.

ஆனால் தோழர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். புத்தகம் பிரயோஜனமற்ற பொருளாக இருந்தால், அதைக் கொளுத்துவதற்குச் சக்கரவர்த்திகள் ஏன் ஆளனுப்பினார்கள்? அதைப் பூட்டுவதற்குச் சர்க்கார்கள் ஏன் சட்டம் போட்டன? பிரயோஜனமற்ற பொருளுக்கு யாராவது மண்ணெண்ணெய் செலவழிப்பானா? நாம் புத்தகத்தை மதிக்கிறோமோ இல்லையோ, நம்மை ஆள்கிறவன் அதன் மதிப்பை நன்றாக அறிவான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். முடிவில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. அது எனக்குப் பெருமை தரும் சங்கதியல்ல.

உழவு நூல் இருக்கலாம், சரித்திர நூல் கூடாது!

கிறிஸ்து பிறப்பதற்கு 213 வருஷங்களுக்கு முன் சீன தேசத்தில் நடந்தது இது. நாடு முழுவதையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங். அவனுடைய மந்திரி லீ சு. பழைய ராஜ்யங்களின் சரித்திரங்களையும், பழைய பாடல்களையும், தத்துவ நூல்களையும் தீயிலிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

எல்லாப் புத்தகத்தையும் அவன் எரித்தானா? இல்லை! வைத்திய நூலுக்கு விலக்கு உண்டு. ஜோசிய நூலுக்கு விலக்கு உண்டு. உழவு நூலுக்கும் விலக்கு உண்டு. விதை போடுவது எப்படி என்று குடியானவன் தெரிந்துகொள்ளலாம். விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது, ஏன் போகிறது, முன்பு எப்படி இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள். எரிக்கச் சொன்ன அதே நூல்களைச் சர்க்கார் பண்டிதர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிலேயே விதி இருந்தது. அப்படியானால் குற்றம் நூலில் இல்லை. அது எந்தக் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது!

இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இரண்டாயிரம் வருஷமாக நடந்த எல்லாத் தீவைப்புக்கும் எல்லாத் தணிக்கைக்கும் இதுதான் திறவுகோல்.

வெள்ளைக்காரன் நம் நாட்டை ஆண்டபோது, 1878இல் லிட்டன் பிரபு ஒரு பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தான். இந்திய பாஷைகளில் வரும் பத்திரிகைகளைத்தான் அது கட்டுப்படுத்தியது. இங்கிலீஷ் பத்திரிகைகளை அது தொடவில்லை. வங்காளத்தில் அமிருத பஜார் பத்திரிகை என்ற ஏடு வங்காளி பாஷையில் வந்துகொண்டிருந்தது. சட்டம் வந்ததுமே அது இங்கிலீஷுக்கு மாறித் தப்பித்துக்கொண்டது. இங்கிலீஷில் எழுதினால் துரை படிப்பான், வக்கீல் படிப்பான், பாதகமில்லை. வங்காளியில் எழுதினால் குடியானவனுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள், அதுதான் பாதகம்!

இது பழைய கதை என்று நினைக்கவேண்டாம். ஆலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குத் தெரிந்த பாஷையிலும் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் வருஷச் சட்டத்திலேயே விதி செய்தார்கள். நான் சங்க வேலைக்குப் போன ஓர் ஆலையில் அது இங்கிலீஷில் மட்டும், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு இருந்தது. அதே வாசலில் நாங்கள் தமிழில் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைக் காவல்காரர் பிடுங்கிக் கிழித்தார். அந்தக் காவல்காரரும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிதான். கிழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று அதை அவர் படித்ததை நான் பார்த்தேன்.

செத்தவன் பாட்டுக்கும் தடை!

தமிழ்நாட்டுக்கு வருவோம். சுப்பிரமணிய பாரதி 1921இல் இறந்துபோனார். அவர் உயிரோடிருந்த நாளில் அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகையைச் சர்க்கார் விடவில்லை. 1908இல் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் தங்க வேண்டியதாயிற்று. ஆள் இறந்தபிறகாவது விட்டார்களா? இறந்து 7 வருஷம் கழித்து, 1928இல், அவருடைய பாட்டுப் புத்தகங்களுக்கு முதலில் பர்மா சர்க்கார் தடை போட்டது. பர்மாவில் தமிழ்க் கூலிகள் ஆயிரமாயிரமாக இருந்தார்கள். அதன் பின்னே சென்னை சர்க்காரும் அந்தப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சென்னையில் போலீசார் புகுந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து இதைக் கண்டித்துப் பிரேரணை கொண்டுவந்தார்.

செத்தவன் கலகம் செய்வானா? மாட்டான். ஆனால் அவன் பாட்டைப் படித்தவன் செய்வான். அதுதான் பயம். 21 வருஷம் கழித்து, 1949இல், சென்னை மாகாண சர்க்காரே பாரதி நூல்களின் உரிமையை விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்தாக்குவதற்கு ஏற்பாடு செய்தது. நேற்றுப் பறிமுதல், இன்று பொதுச் சொத்து! பாட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நாற்காலியில் இருந்தவர்தான் மாறினார்.

பழைய சேலம் ஜில்லாவின் கதை

நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்ததால் தடை ஒழிந்ததா? அதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டாம். நாம் இப்போது நிற்கும் இந்த மண் 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. பிறகு தர்மபுரி ஜில்லா. 2004இலிருந்து கிருஷ்ணகிரி ஜில்லா. ஆகவே சேலம் சிறைக் கதை நம் சொந்த ஜில்லாக் கதை.

சுதந்திரம் வந்தபின் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்து, தோழர்களைச் சிறையில் அடைத்திருந்த காலம் அது. 1950 பிப்ரவரி 11. சேலம் சிறைக்குள் துப்பாக்கிப் பிரயோகம். 22 கம்யூனிஸ்ட் கைதிகள் பிணமானார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். குடியரசு அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அன்றைக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை!

அதன்பின் 18 நாள் கழிந்தது. மார்ச் 1ஆம் தேதி சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக் கூடாது, விற்கக் கூடாது என்பது உத்தரவு. பொது ஒழுங்குப் பாதுகாப்பு என்று 1949இல் செய்த சட்டம் கையில் இருந்தது. தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு. தடை செல்லாது, பத்திரிகை மக்கள் கைக்குப் போய்ச் சேருவதும் பேச்சுரிமையில் அடக்கம் என்று கோர்ட் சொல்லிற்று.

அதே நாளில் அதே கோர்ட்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. டில்லியில் வந்துகொண்டிருந்த 'ஆர்கனைசர்' பத்திரிகையைப் பற்றிய வழக்கு. அது யார் பத்திரிகை? ஆர்.எஸ்.எஸ். பக்கத்துப் பத்திரிகை! அச்சிடுவதற்கு முன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று அதற்குப் போட்டிருந்த உத்தரவும் அன்றே ரத்தாயிற்று. நமக்கு நேர் விரோதமான ஏடும், நம் பக்கத்து ஏடும் ஒரே நாளில், ஒரே உரிமையால் காப்பாற்றப்பட்டன. இது நமக்குக் கசக்கலாம். கசந்தாலும் விழுங்க வேண்டிய மருந்து. அவர்கள் ஏட்டுக்குப் பூட்டுப் போடும் சாவி நம் ஏட்டின் பூட்டுக்கும் பொருந்தும்.

அந்த வெற்றி நிலைத்ததா? ஒரு வருஷம் முழுசாக நிலைத்தது என்று சொல்லலாம். 1951 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்தார்கள். பொது ஒழுங்கின் பேரால் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம் என்று எழுதிச் சேர்த்தார்கள். 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தபோது டில்லியில் பத்திரிகை ஆபீஸ்களுக்குக் கரண்டையே நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து தணிக்கை அதிகாரி பார்த்துக் கொடுத்ததுதான் செய்தி.

1976இல் இங்கேயும் கெடுபிடி வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இருந்த ஒரு மூத்த தோழர், இப்போது காலமாகிவிட்டார், தன்னிடமிருந்த கட்சிப் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்து மாட்டுக் கொட்டகையில் புதைத்தார். போலீஸ் வந்தது. தேடியது. கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் தோண்டிப் பார்த்தால், பெட்டியின் ஓட்டை வழியே கரையான் புகுந்து எல்லாவற்றையும் தின்றிருந்தது. "போலீஸ்காரன்கிட்ட இருந்து காப்பாத்தினேன், கரையான் சென்சார் பண்ணிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

பூட்டு போதாதபோது தீ

சட்டம் போட்டுப் பூட்டுவது ஒரு வழி. தீ வைப்பது இன்னொரு வழி.

1933 மே 10. ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்றரை மாதம். பெர்லின் நகரத்தில் சர்வகலாசாலை எதிரில் மாணவர்கள் கூடி, ஊர்வலமாகப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்துக் கொளுத்தினார்கள். மார்க்ஸ் எரிந்தார். பிராய்டு எரிந்தார். யுத்தத்தின் கொடுமையை எழுதிய ரெமார்க் எரிந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதிய கேஸ்ட்னர் கூட்டத்தில் நின்று, தன் புத்தகம் எரிவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். முதலில் தொழிற்சங்கத்தை உடைத்தார்கள். எட்டே நாளில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். ஆம், அதே மாதம் 2ஆம் தேதிதான் ஜெர்மனி முழுவதும் தொழிற்சங்க ஆபீஸ்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். சங்கமும் புத்தகமும் அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. நம் கண்ணுக்கு மட்டும் ஏன் தனித்தனியாகத் தெரிய வேண்டும்?

அந்த மைதானத்துக்கு இன்று ஜெர்மன் தொழிலாளர் தலைவர் பெபெலின் பெயர். தரைக்குக் கீழே ஓர் அறை கட்டிக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே வெறும் அலமாரிகள். 20,000 புத்தகம் கொள்ளும் அளவுக்கு, ஒரு புத்தகம்கூட இல்லாத அலமாரிகள். அதுதான் நினைவுச் சின்னம்.

நம் இனத்தவருக்கும் அப்படி ஒரு வெற்று அலமாரி உண்டு. யாழ்ப்பாணம் பொது நூலகம். 1930களில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். நம் படிப்பகம் தகரக் கொட்டகையில் தொடங்கியதே, அதுபோல. ஊரார் கொடுத்தார்கள், வளர்ந்தது, 1959இல் பெரிய கட்டிடம் எழுந்தது. 1981இல் ஜில்லா அபிவிருத்தி சபைத் தேர்தல் வந்தது. அதற்காகத் தெற்கிலிருந்து கொண்டுவந்து இறக்கிய போலீசாரும் குண்டர்களும் அந்த நாட்களில் ஊரைச் சூறையாடினார்கள். மே 31 தொடங்கி நடந்த அந்த வெறியாட்டத்தில் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகளும் போயின. 'ஈழநாடு' பத்திரிகை ஆபீசும் எரிந்தது. அரசாங்கத்தின் மந்திரிகள் இருவர் அப்போது அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

அந்தப் புத்தகங்களில் எது குற்றம் செய்தது? எதுவும் செய்யவில்லை. ஒரு ஜனக்கூட்டத்திற்குச் சரித்திரமே இல்லாமல் செய்துவிட்டால் அதன் உரிமைக் குரலும் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு எவ்வளவு தப்பு என்பதையும், அந்தத் தீயின் பின்னே எத்தனை ஆயிரம் உயிர் போயிற்று என்பதையும் நாம் அறிவோம்.

கும்பலும் சமாதானக் கூட்டமும்

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இதில் சர்க்கார் தடை போடவும் வேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். கும்பல் தீ வைக்கும். அதிகாரி 'சமாதானம்' பேசுவார்.

அதுவும் நம் பழைய சேலம் ஜில்லாவில்தான் நடந்தது, திருச்செங்கோட்டில். பெருமாள்முருகன் என்ற எழுத்தாளர் 'மாதொருபாகன்' என்று ஒரு நாவல் எழுதினார். 2010இல் வெளிவந்தது. குழந்தையில்லாத ஒரு குடியானவத் தம்பதியின் துயரத்தைச் சொல்லும் கதை. நாலு வருஷம் அது பாட்டுக்கு இருந்தது. இங்கிலீஷில் மொழிபெயர்ப்பு வந்தபின், 2014 டிசம்பரில், நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். மதத்துக்கு அவமானம், ஜாதிக்கு அவமானம் என்று தூண்டினார்கள். புத்தகத்தை நடுவீதியில் எரித்தார்கள். ஊரில் கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல்லில் ஜில்லா அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானக் கூட்டம்'. எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் என்ற தான் செத்துவிட்டதாக அவர் தாமே அறிவித்துவிட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்போது யார் வந்தார்கள்? தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா இருவரும் தீர்ப்பளித்தார்கள். அந்தச் சமாதான ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று சொன்னார்கள். அவர் மீண்டும் எழுதினார்.

எல்லாருக்கும் இப்படித் திரும்பி வரும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அந்த ராஜ்யத்தில் தார்வாடில் 2015 ஆகஸ்டில் அறிஞர் கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்டார். நம்மில் பாதிப் பேர் வேலை தேடிப் போய்வரும் பெங்களூரில், 2017 செப்டம்பர் 5ஆம் தேதி, கன்னட வாரப் பத்திரிகை நடத்திய கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகத்தை எரிப்பதில் தொடங்கியது எழுதினவர் உடம்பில் வந்து நின்றது.

"அம்பேத்கர் கொளுத்தினாரே?"

இப்போது ஒரு கேள்வி வரும். போன வாரமே ஒரு தம்பி கேட்டுவிட்டான். "அண்ணே, அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினாரே, அது மட்டும் சரியா?"

கேட்க வேண்டிய கேள்வி. 1927 டிசம்பர் 25, மகாடு என்ற ஊர். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகப் போராடிய தாழ்த்தப்பட்ட மக்கள் அந்த நூலைத் தீயிலிட்டார்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சஹஸ்ரபுத்தே என்ற பிராமணர். அன்னியத் துணியைக் கொளுத்தியது போன்றதுதான் இதுவும் என்று அம்பேத்கர் பின்னால் விளக்கினார்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? யார் எரிக்கிறார், எரித்தபின் என்ன ஆகிறது என்று பாருங்கள். மகாடில் எரித்தவர்களிடம் போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, குளத்துத் தண்ணீர்கூட இல்லை. யார் வீட்டிலும் புகுந்து அந்தப் புத்தகத்தை அவர்கள் பிடுங்கவில்லை. 'எங்களைக் கட்டி வைத்த சட்டம் இது, இதற்கு இனிக் கட்டுப்படமாட்டோம்' என்று ஒரு பிரதியை எரித்துக் காட்டினார்கள். மறுநாளும் அந்த நூல் கடையில் கிடைத்தது. அம்பேத்கரே பிற்காலத்தில் அதைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டி எழுதினார். படிக்காமல் அப்படி எழுத முடியுமா?

தமிழ்நாட்டிலும் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தவேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் சொன்ன காலம் உண்டு. 1943இல் அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளை மறுபக்கமும் நின்று மேடையில் வாதம் செய்தார்கள். ஜனங்கள் இரண்டு பக்கத்தையும் கேட்டார்கள். நம் தோழர் ஜீவானந்தமோ கம்பனை மேடை மேடையாகப் பேசினார். அந்த மேடைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: ஒடுக்கப்பட்டவன் ஆத்திரத்தில் ஒரு பிரதியை எரித்தால் அவன் ஆத்திரத்தின் காரணத்தைப் பார்ப்பேன். அதிகாரம் உள்ளவன் எல்லாப் பிரதியையும் எரித்தால் அவனை எதிர்ப்பேன். நம் கைக்கு அதிகாரம் வந்தால்? அங்கேதான் நம் சோதனை இருக்கிறது.

நம் வீட்டுக் குப்பை

தோழர்களே, அடுத்தவன் வீட்டுக் குப்பையையே கிளறிக்கொண்டிருந்தால் போதாது.

மார்க்ஸ் தன் 24ஆம் வயதில் பத்திரிகை உலகுக்கு வந்தபோது பிரஷ்ய சர்க்காரின் தணிக்கையை எதிர்த்துத்தான் எழுதினார். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையை அந்தச் சர்க்கார் 1843இல் மூடிற்று. அவர் பேரைச் சொல்லி ஆட்சி நடத்திய சோவியத் நாட்டில் என்ன நடந்தது? வசீலி கிராஸ்மன் என்ற எழுத்தாளர் இருந்தார். ஸ்டாலின்கிராட் யுத்தகளத்தில் செஞ்சேனையோடு நின்று பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர். நாஜிகளின் கொலை முகாமைப் பற்றி உலகுக்கு முதலில் எழுதியவர்களில் ஒருவர். அவர் எழுதிய பெரிய நாவலை 1961இல் ரகசியப் போலீசார் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் பிரதி, கார்பன் தாள், டைப் மிஷினில் இருந்த ரிப்பன் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1964இல் அவர் இறந்தார். அவர் நாட்டில் அந்த நாவல் 1988இல்தான் வெளிவந்தது.

மூன்று வருஷத்தில், 1991இல், சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. அந்த நாவலைப் பூட்டி வைத்ததால் சோவியத் காப்பாற்றப்பட்டதா? குறையைச் சொன்ன ஏட்டைப் பூட்டினார்கள். ஏடு பூட்டுக்குள் இருந்தது. குறை வெளியே வளர்ந்தது.

இங்கேயும், 1975 அவசரநிலையைக் கம்யூனிஸ்டுகளில் ஒரு பகுதியினர் ஆதரித்தார்கள். ஒரு பகுதியினர் எதிர்த்துச் சிறை போனார்கள். ஆதரித்தவர்கள் 1978இல் அது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். தவறை ஒப்புக்கொள்வது கட்சிக்கு அவமானமல்ல. அந்தத் தைரியத்தில்தான் இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2016 செப்டம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காவிரித் தகராறு. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. எல்லையில் வண்டி நின்றுபோயிற்று. அப்போது நம் கொட்டகைக்கு நாலைந்து இளைஞர்கள் வந்து, அலமாரியிலிருந்த கன்னடப் புத்தகங்களை ரோட்டில் போட்டுக் கொளுத்த வேண்டும் என்றார்கள். நான் என்ன செய்தேன்? தயங்கினேன். ஒரு மூத்த தோழர்தான் எழுந்து சொன்னார்: "கன்னடம் என்னப்பா தப்பு பண்ணுச்சு? என் சம்சாரம் கன்னடக்காரி. முப்பது வருஷமா அவ களி கிண்டித்தான் நான் சாப்பிடறேன். அவளையும் ரோட்டுல போடலாமா?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புத்தகம் தப்பியது. அன்று அவர் இல்லாவிட்டால் நம் படிப்பகத்துக்கும் இந்தக் கதையில் ஓர் அத்தியாயம் இருந்திருக்கும்.

அதைவிட மோசமானது ஒன்று. போன வருஷம் ரிட்டயரான ஒரு வாத்தியார் தன் புத்தகங்களை நமக்குக் கொடுத்தார். அதில் ஒன்று ஸ்டாலின் காலத்தில் ருஷ்யாவில் நடந்த கைதுகளையும் முகாம்களையும் பற்றியது. அட்டையைப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது என் பைக்குள் போட்டேன். வீட்டில் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். 'புதிதாக வருகிற பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை, பேர் சொல்லவேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், பட்டியலில் அந்தப் புத்தகத்தின் பேரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வெளியே போயிருக்கும்மா" என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். மூன்று மாதம் பொய் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டாள்: "அண்ணே, அதை நான் படிச்சா என்ன ஆயிடும்?"

என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. சீனத்து மந்திரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் எரித்தான், நான் ஒளித்தேன். நான் படிக்கலாம், எனக்குப் புத்தி இருக்கிறது; அவள் படித்தால் கெட்டுப்போவாள், அவளுக்குப் புத்தி இல்லை என்பதுதானே நான் நினைத்தது? துரை நினைத்ததும் அதுதானே? தொழிலாளி வர்க்கம் நாட்டையே ஆளத் தகுதியுள்ளது என்று மேடையில் முழங்குகிறேன். ஒரு தொழிலாளிப் பெண் ஒரு புத்தகத்தைப் படித்து நல்லது கெட்டது பிரிக்கத் தகுதியில்லாதவள் என்று வீட்டில் முடிவு கட்டுகிறேன். இரண்டில் ஒன்று பொய்.

தோழர்களே, இதோ அந்தப் புத்தகம். இப்போதே அலமாரியில் வைக்கிறேன். அந்தத் தங்கையிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நானும் அதை இரண்டு முறை படித்துவிட்டேன். அதில் ஒத்துக்கொள்ளக் கூடியதும் இருக்கிறது, மறுக்க வேண்டியதும் இருக்கிறது. அவள் படித்து முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாரும் பேசுவோம். அவள் என்னைத் தோற்கடித்தால் தோற்றுப்போகிறேன்.

நாம் செய்ய வேண்டியது

மூன்று காரியங்களைப் படிப்பகக் கமிட்டியின் முன் வைக்கிறேன். முதலாவது, அலமாரியில் சேர்ந்த புத்தகத்தை யாரும், நான் உட்பட, தன்னிச்சையாக எடுத்து மறைக்கக் கூடாது. ஆட்சேபணை இருந்தால் கூட்டத்தில் சொல்லட்டும். இரண்டாவது, தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது, வடக்கேயிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஹிந்தி, ஒரியா என்று எல்லா பாஷைப் புத்தகத்துக்கும் இடம் வேண்டும். மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் எழுத்துத் தெரியாத தாய்மார்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். என் தாயார் ராகிக் கொல்லையில் களை எடுத்தே காலம் தள்ளியவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்க எந்தச் சர்க்காரும் சட்டம் போடவேண்டியிருக்கவில்லை. எழுத்தையே தராமல் வைத்திருந்தார்கள். எல்லாத் தணிக்கையிலும் பெரிய தணிக்கை அதுதான், தோழர்களே!

தீ வைப்பவனுக்குப் பதில் தீயல்ல. அவன் ஒன்றை எரித்தால் நாம் பத்தை வாசிப்போம். கோர்ட் ஒரு நாள் காப்பாற்றும், இன்னொரு நாள் கைவிடும். பத்திரிகை ஒரு நாள் வரும், இன்னொரு நாள் நிற்கும். படித்தவன் மனதில் பதிந்ததை மட்டும் எந்தக் கரையானும் அரிக்க முடியாது, எந்தப் போலீசும் பறிமுதல் செய்ய முடியாது.

சாவி இதோ மேஜைமேல் இருக்கிறது. நாளையிலிருந்து இந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டாம் என்பது என் கடைசிப் பிரேரணை. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.